பதினோரு பேருக்கு ஒரு பாலமா?

நெய்க்காரப்பட்டி வெல்ல மண்டிக்கு எதிரில் நின்று யாராவது தர்க்கம் செய்ய விரும்பினால், முதலில் தொண்டையைச் சரிசெய்துகொள்வது நல்லது. உள்ளே ஏலம் கூறுகிறவரின் குரல். வெளியே கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு நிற்கும் லாரியின் உறுமல். இரண்டுக்கும் நடுவே பேசுகிறவன் கத்தித்தான் ஆக வேண்டும். கத்தினால், கோபம் இல்லாதவனுக்கும் கோபம் வந்துவிடும். போன தை மாதம் பழனிக்கு மேற்கே உள்ள அந்த ஊரில், தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம், இப்படி ஒரு தர்க்கத்தில் நான் வசமாக அகப்பட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அந்த வட்டாரத்தில் ஆலை போட்டு வெல்லம் காய்ச்சுகிற குடியானவர்களுக்கு, அன்றன்றைக்கு ஏலம் என்ன விலையில் முடிந்தது என்று தெரிய வேண்டும். 30 கிலோ சிப்பம் இன்ன விலைக்குப் போயிற்று என்று தெரிந்தால்தான், காய்ச்சி வைத்ததை வண்டியில் ஏற்றுவதா, இரண்டு நாள் பொறுப்பதா என்று முடிவு செய்யலாம். இதற்காக மண்டிக்காரர்கள் செல்போன் செயலி ஒன்றில் குழு வைத்திருக்கிறார்கள். ஏலம் முடிந்ததும் விலையை அதில் போட்டுவிடுவார்கள். பெரிய போன் வைத்திருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பட்டன் போன் வைத்திருக்கிறவர்கள்? அவர்களுக்காக என் தங்கை மகன் தன் கம்ப்யூட்டர் கடையின் மூலையில் ஒரு பழைய யந்திரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதில் உள்ள புரோகிராம், குழுவில் விலை விழுந்த மாத்திரத்தில் அதை எடுத்துச் சாதாரணக் குறுஞ்செய்தியாக மாற்றி, பட்டன் போன்களுக்கு அனுப்பிவிடும். 'நாளைக்கு 20 சிப்பம் கொண்டு வருகிறேன்' என்று அவர்கள் பதில் போட்டால், அதையும் கொண்டுவந்து குழுவில் சேர்த்துவிடும். கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்த மாதிரிச் சமாசாரத்தைக் 'கேட்வே' என்கிறார்கள். நான் பாலம் என்று சொல்லிக்கொள்கிறேன். இக்கரையில் ஒரு வலை, அக்கரையில் ஒரு வலை. நடுவே செய்தி நடந்துபோக ஒரு மரப்பாலம்.

இந்தப் பாலத்தைக் கட்டியவன் என் மருமகனுடைய சிநேகிதன். பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்துவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டான். இப்போது மண்டிக்காரர்கள் குழுவை வேறொரு செயலிக்கு மாற்றப் போகிறார்கள். பழைய புரோகிராமுக்குப் புதுச் செயலியின் பாஷை தெரியாது. கற்றுக்கொடுக்க வேண்டுமானால் ராத்திரி பகலாக யாராவது உட்கார வேண்டும். ஒரு காலத்தில் நூறு பேருக்கு மேல் இந்தப் பாலத்தில் நடந்தார்கள். இன்றைக்கு எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர்.

"பதினோரு பேருக்கு ஒரு பாலமா? நீங்களே சொல்லுங்கண்ணா. நீங்க நாலு விஷயம் எழுதறவங்க" என்றார் மண்டியைச் சேர்ந்த ஓர் இளைஞர். படித்தவர், மரியாதை தெரிந்தவர். என் மருமகன் ஒன்றும் பேசாமல் நின்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது" என்றேன். கதை எழுதுகிறவன் நழுவுவதற்கு என்றே வைத்திருக்கும் வாக்கியம் அது. ஊருக்குத் திரும்பிய பிறகு அது என் நெஞ்சில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருக்கிறது. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன்.

அந்த இளைஞரின் கட்சி என்னவென்று முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, உபயோகிக்கிறவர்கள் சொற்பம். இரண்டு, யந்திரம் பழசு. அதன் சூட்சுமம் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். மூன்று, தப்பு நேர்கிறது. ஒரு நாள் முந்தின நாள் விலையே மறுபடியும் போய்விட்டது. நான்கு, இது இருக்கிற வரைக்கும் அந்தப் பதினோரு பேர் புதுப் போனுக்கு மாறவே மாட்டார்கள். நான்கும் அசட்டு வாதங்கள் அல்ல. உலகத்தில் எங்கே ஒரு பழைய பாலத்தை மூடினாலும் இந்த நான்கைத்தான் சொல்லி மூடியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் மூடப்பட்டவற்றில் மிகப் பெரியது தந்தி. 1850-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே சோதனைக் கம்பி போட்டு, 1855-இல் ஜனங்களுக்குத் திறந்துவிட்ட தந்தியை, 2013 ஜூலை 14-ஆம் தேதி இரவோடு மூடினார்கள். கணக்கு என்னவோ பயங்கரமான கணக்குத்தான். 1985-வாக்கில் வருஷத்துக்கு ஆறு கோடித் தந்திகள் போயினவாம். கடைசியில் நாள் ஒன்றுக்குச் சுமார் 5,000. வருஷ வருமானம் 75 லட்சம் ரூபாய். செலவோ 100 கோடிக்கு மேல். மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை கூட இதைப் பார்த்துவிட்டு, "கடையைக் கட்டுங்கள் ஐயா" என்றுதான் சொல்வார்.

மூடுகிற அன்று நாடெங்கும் தந்தி ஆபீசுகளில் வரிசை நின்றது. ஞாபகார்த்தமாக ஒரு தந்தி அனுப்ப வேண்டும் என்று ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக வந்து நின்றார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. இந்தக் கூட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மனஸ்தாபம் உண்டு. இவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தின பத்து வருஷத்தில் ஒரு தந்தி கொடுத்திருப்பார்கள்? சாகக் கிடக்கிறவரைப் பார்க்க வராதவர்கள், சவ ஊர்வலத்தில் முன்னால் நின்று அழுத கதைதான். என்னைப் போன்ற கதாசிரியர்களும் அதில் சேர்த்தி. கதை நகரவில்லை என்றால், "சார், தந்தி!" என்று வாசலில் ஒரு சேவகனைக் கொண்டுவந்து நிறுத்திப் பிழைத்த ஜாதி எங்கள் ஜாதி. நாங்களும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, அடுத்த கதையில் செல்போனை மணி அடிக்க வைத்துவிட்டோம். பழையது என்பதற்காக ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறவர்கள் கட்சியில் நான் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பொருட்காட்சிசாலை.

நான் கேட்பது வேறு கேள்வி. கடைசி நாளில் வேடிக்கைக்கு வந்த கூட்டத்தை விட்டுவிடுங்கள். அதற்கு முந்தைய மாதம், ஒரு சாதாரண நாளில், அந்த 5,000 தந்திகளைக் கொடுத்தவர்கள் யார்?

அவர்களில் சிப்பாய்கள் இருந்தார்கள். வீட்டில் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தால், லீவு கேட்கும்போது மேலதிகாரியிடம் காட்ட அது ஒரு அத்தாட்சி. வக்கீல்கள் இருந்தார்கள். போலீஸார் அழைத்துக்கொண்டு போன மகன் எங்கே என்று தெரியாத தகப்பனார், உடனே மேலதிகாரிகளுக்கும் நீதிபதிக்கும் தந்தி கொடுப்பார். இன்ன தேதி, இன்ன மணிக்கு இப்படி ஒரு முறையீடு புறப்பட்டது என்பதற்கு அந்தத் தந்தி ரசீது சாட்சி. பிற்பாடு, "அவனை நாங்கள் மறுநாள்தான் பிடித்தோம்" என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பெற்றோருக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு, எங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அதிகாரிகளுக்குத் தந்தி கொடுத்த காதலர்களும் உண்டு. 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 88-ஆவது பிரிவு தந்திக்கென்றே எழுதப்பட்டது. அனுப்பக் கொடுத்த செய்தியும் போய்ச் சேர்ந்த செய்தியும் ஒன்றுதான் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். அனுப்பியவர் யார் என்பதை மட்டும் அனுமானிக்கக் கூடாது. எவ்வளவு ஜாக்கிரதையான வாசகம் பாருங்கள்! நடுவில் நிற்கும் பாலத்துக்குச் சட்டம் கொடுத்த மரியாதை அது.

ஆக, அந்த 5,000 பேரும் பழமை விரும்பிகள் அல்ல. வேறு வழி இல்லாதவர்கள், அல்லது வேறு எந்த வழியும் தராத ஒன்று வேண்டியிருந்தவர்கள். எண்ணிக்கை, எத்தனை பேர் என்று சொல்லும். யார் என்று சொல்லாது. இதுதான் கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் உள்ள பெரிய ஓட்டை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைசி வருஷங்களில் தந்தி என்பது கட்டு கட கட்டு என்று தட்டுகிற கருவி அல்ல. செய்தி கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஊர் விட்டு ஊர் போயிற்று. முடிவில் அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஒரு மனிதர் வீட்டு வாசலுக்கு வந்தார். அதாவது, தந்தியும் நம் நெய்க்காரப்பட்டி யந்திரத்தைப் போன்ற ஒரு பாலம்தான். ஒரு கரையில் கம்ப்யூட்டர் வலை. மறு கரையில் எந்த வலையிலும் இல்லாத மனிதன். கையில் கருவி இல்லாதவனுக்கும் செய்தி போய்ச் சேரும் என்பதே அதன் மகிமை. அதை மூடிய பிறகு வந்ததெல்லாம், பெறுகிறவனும் கருவி வாங்கினால்தான் உண்டு என்கிற ஏற்பாடுகள்.

தந்தி மூடி ஒரு மாதம் ஆவதற்குள், 2013 ஆகஸ்டு 14-இல், ரஷ்யச் சகோதரர்கள் இருவர் 'டெலிகிராம்' என்று தந்தியின் பெயரையே வைத்து ஒரு செயலியைக் கொண்டுவந்தார்கள். நல்ல செயலிதான். ஆனால் அந்தப் புதுத் தந்தியில், அதே செயலியை வைத்திருக்கிறவனுக்கு மட்டும்தான் செய்தி அனுப்பலாம். பழைய தந்திச் சேவகன் எந்த வீட்டு வாசலிலும், "நீங்கள் எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டுத் தந்தியை நீட்டியதில்லை.

சரி, இரண்டாவது வாதத்துக்கு வருவோம். 'யந்திரம் பழசு, ஒருவனுக்குத்தான் தெரியும்' என்பது. இதைக் கேட்டபோது எனக்கு நம் நாட்டு மின்னஞ்சலின் பிள்ளைப்பிராயம் நினைவுக்கு வந்தது. 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் சபையின் வளர்ச்சித் திட்ட உதவியோடு 'எர்நெட்' என்ற வலையை ஆரம்பித்தது. அதில் பங்குகொண்டவை ஐந்து ஐ.ஐ.டி.க்கள், பெங்களூர் விஞ்ஞானக் கழகம், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், டில்லியில் மின்னணுத் துறை: ஆக மொத்தம் எட்டு இடங்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் பம்பாயும் டெலிபோன் கம்பி வழியாக ஒன்றை ஒன்று கூப்பிட்டுக் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. பம்பாயில் ஒரு பாலம் போட்டு, அமெரிக்க வலையோடு இணைத்தார்கள். வெளிநாட்டுக் கடிதத்துக்கு அந்த ஒரு வாசல்தான். 1995 ஆகஸ்டு 15-இல் இன்டர்நெட் பொதுஜனங்களுக்குத் திறக்கப்படுவதற்கு ஏழெட்டு வருஷம் முந்திய கதை இது.

எட்டே இடங்கள்! உள்ளே இருந்த சூட்சுமம் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் தெரியும். அன்றைக்கு யாராவது, "எட்டு இடத்துக்கு ஒரு பாலமா?" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆரம்பத்தில் எட்டுப் பேர் இருந்தால் அதற்கு 'முன்னோடி முயற்சி' என்று பெயர். முடிவில் பதினோரு பேர் இருந்தால் அதற்குத் 'தண்டச் செலவு' என்று பெயர். எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆட்கள்தாம் வேறு. முன்னால் வருகிறவர்கள் படித்தவர்கள், பதவியில் உள்ளவர்கள். பின்னால் நிற்கிறவர்கள் கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதை ஒளிக்கத்தான் எண்ணிக்கையை எடுத்து முன்னால் வைக்கிறோம்.

ஒருவனுக்குத்தான் தெரியும் என்பது மூடுவதற்குக் காரணம் ஆகாது. இரண்டாவது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் காரணம். சமையல்காரர் ஒருவருக்குத்தான் கை மணம் இருக்கிறது என்பதற்காக யாரும் அடுப்பை இடித்துவிடுவதில்லை.

மூன்றாவது வாதம், தப்பு நேர்கிறது என்பது. இதை நான் அலட்சியம் செய்யத் தயாராயில்லை. ஒரு நாள் பழைய விலை போய்ச் சேர்ந்தால், அதை நம்பி வண்டி ஏற்றுகிறவனுக்கு வாடகை நஷ்டம். தப்பான செய்தியைவிடச் செய்தி இல்லாமல் இருப்பது மேல் என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. இதே தகராறு உலக அளவிலும் நடந்தது.

பின்லாந்து தேசத்து மாணவர் ஜார்க்கோ ஓய்க்கரினன் 1988-இல் ஓர் அரட்டை வலையை உண்டாக்கினார். அதற்கு ஐ.ஆர்.சி. என்று பெயர். இன்றைக்கும் இலவச மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் அதில் கூடுகிறார்கள். அதில் ஒரு பெரிய மடம் 'லிபெரா சாட்' என்பது. 2014-இல் 'மேட்ரிக்ஸ்' என்ற புது வலை வந்தது. புது வலைக்காரர்கள் பழைய வலைக்கு ஒரு பாலம் கட்டினார்கள். ஏராளமான பேர் அதில் நடமாடினார்கள். ஆனால் பாலம் தடுமாறிற்று. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்கிற கணக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. வாசலைத் தாண்டாத ஆளுக்குக் கூடத்துப் பேச்சு கேட்டுவிடுமோ என்கிற பயம் பிறந்தது. பழைய வலைக்காரர்கள் கெடு வைத்தார்கள். 2023 ஆகஸ்டில் பாலம் நிறுத்தப்பட்டது. அந்த வருஷக் கடைசியில், இனி அது திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தகராறில் நான் மூடியவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். தம் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காப்பது அவர்கள் கடமை. மேலும், ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. அந்தப் பாலத்தின் புரோகிராம் யாரும் எடுத்து நடத்தும்படி பகிரங்கமாக இருந்தது. பெரிய பாலம் போயிற்று. வேண்டியவர்கள் தங்கள் தங்கள் கூட்டத்துக்குச் சிறு பாலங்களைப் போட்டுக்கொண்டார்கள். மூடினவர்கள் கதவைச் சாத்தினார்களே தவிரச் சாவியைக் கிணற்றில் போடவில்லை.

சாவியைக் கிணற்றில் போட்டவர்களும் இருக்கிறார்கள். கூகுள் கம்பெனி 2005 ஆகஸ்டில் 'கூகுள் டாக்' என்ற உரையாடல் சேவையை ஆரம்பித்தது. எக்ஸ்.எம்.பி.பி. என்ற பொதுப் பாஷையில் அது பேசிற்று. 2006 ஜனவரியில், மற்றவர்கள் நடத்துகிற சேவைகளோடும் செய்தி பரிமாறலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஒருவனுடைய கடிதம் இன்னொரு கம்பெனியின் தபால்பெட்டிக்குப் போவது போல, ஒரு வலையின் பேச்சு இன்னொரு வலைக்குப் போயிற்று. ஜனங்கள் திரண்டு வந்தார்கள். 2013 மே மாதத்தில் 'ஹேங்அவுட்ஸ்' என்று புதுக் கூடாரம் அடித்தார்கள். அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவே கிடையாது. பேஸ்புக்கும் 2010-இல் அதே பொதுப் பாஷையில் ஒரு வாசல் வைத்து, 2015-இல் அடைத்துவிட்டது. ஆள் சேருகிற வரைக்கும் திறந்த வாசல். சேர்ந்த பிறகு மதில். கல்யாண வீட்டுப் பந்தலாய் ஆரம்பித்து, உள்ளே வந்தவர்கள் வெளியே பேச முடியாத கோட்டையாக முடிந்தது.

இதன் விளைவு என்ன? எதை இடித்தார்களோ அதை மறுபடியும் கட்டச் சொல்லிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஐரோப்பிய யூனியன் 2022-இல் ஒரு சட்டம் இயற்றி, பெரிய செய்திச் செயலிகள், கேட்கிற சிறிய செயலிகளோடு செய்தி பரிமாறத்தான் வேண்டும் என்று கட்டளையிட்டது. 2025 நவம்பரில் வாட்ஸப், 'பேர்டிசாட்', 'ஹைக்கெட்' என்ற இரண்டு சிறு செயலிகளுக்கு ஐரோப்பாவில் மட்டும் வாசல் திறப்பதாக அறிவித்தது. ஐரோப்பாவில் மட்டும்! நெய்க்காரப்பட்டிக்கு அந்தச் சட்டம் வராது. இங்கே வாசல் வேண்டுமென்றால் நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே மூடல்கள் எல்லாம் ஒரு ஜாதி அல்ல. களைத்துப்போய் மூடுவது ஒன்று. பயந்து மூடுவது ஒன்று. லாபத்துக்காக மூடுவது இன்னொன்று. மூன்றும் வாயைத் திறந்தால் ஒரே வசனத்தைத்தான் சொல்லும்: "இப்போதெல்லாம் யார் இதை உபயோகிக்கிறார்கள்?"

தப்பைத் திருத்துவதற்காக வேலியே போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. மோசடிக் குறுஞ்செய்திகளைத் தடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் விதிகள் செய்தது. மொத்தமாகச் செய்தி அனுப்புகிறவர்கள் தங்கள் பெயரையும் வாசகத்தின் அச்சையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நோக்கம் நல்லது. 2021 மார்ச் 8-ஆம் தேதி விதியை இறுக்கினார்கள். அன்றைக்கு நாடு முழுவதும் பாங்கிக் கணக்குக்கும் இன்னும் பலதுக்கும் வர வேண்டிய ரகசிய எண்கள் வராமல் ஜனங்கள் திண்டாடினார்கள். மறுநாளே ஒரு வாரம் தளர்த்தினார்கள். திருடனுக்குப் போட்ட தாழ்ப்பாளில் வீட்டுக்காரன் விரல் நசுங்கிற்று. நான் தாழ்ப்பாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால், வாசலில் யாருடைய விரல் இருக்கிறது என்று பாருங்கள் என்கிறேன். நெய்க்காரப்பட்டியில் தேவைப்பட்ட தாழ்ப்பாள் மிகச் சிறியது. விலையோடு தேதியையும் சேர்த்து அனுப்பினால், பழைய விலையை எவரும் புதுவிலை என்று நம்பப் போவதில்லை.

நான்காவது வாதம்தான் எனக்குக் கோபமூட்டுவது. 'இது இருக்கிற வரைக்கும் அவர்கள் மாறமாட்டார்கள்.' ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டால் நொண்டி ஓட ஆரம்பித்துவிடுவான் என்கிற வைத்தியம் இது.

அந்தப் பதினோரு பேரில் ஒருவருடைய ஆலைக்கு மருமகனோடு போனேன். எழுபது வயசுப் பெரியவர். கொப்பரையில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. கை முழுக்கப் பாகின் பிசுக்கு. விரல் நுனியெல்லாம் காய்ப்பு. இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனை எடுத்து, வேட்டியில் கையைக்கூடத் துடைக்காமல் கட்டை விரலால் அமுக்கி விலையைப் பார்த்தார். என் போனை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடித் திரை அவர் விரலைச் சட்டை செய்யவில்லை. இரண்டு தரம் தேய்த்துப் பார்த்தார். "இது என்னைய ஒரு ஆளாவே மதிக்கலீங்க" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அவருடைய போன் ஒரு தரம் மின்சாரம் ஏற்றினால் பல நாள் தாங்குகிறது. கீழே விழுந்தால் உடைவதில்லை. கரும்புச் சக்கைக் குவியலில் காணாமல் போனால் நஷ்டமும் பெரிதில்லை. இந்த மனிதர் மாற மறுக்கிற மூடர் அல்ல. தம் தொழிலுக்கு எது தகும் என்று யோசித்துத் தேர்ந்தவர். அவரை மாற்றுவதற்காக விலையை நிறுத்தி வைப்பது என்றால், அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் சொல்லாதீர்கள். பட்டினி போட்டுப் பணிய வைப்பது என்று சொல்லுங்கள்.

விலை தெரியாதவன் கதி என்ன என்பதை மண்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விலை தெரிந்தவன் பேரம் பேசுவான். தெரியாதவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவான். பதினோரு பேரை இருட்டில் விட்டால் அந்த இருட்டில் யாருக்கு லாபம் என்று கேட்பது என் கடமை. அந்த இளைஞருக்கு அப்படி ஒரு எண்ணம் கனவிலும் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் எண்ணம் இல்லாமலே அநியாயம் நடக்கும். பெரும்பாலான அநியாயங்கள் அப்படித்தான் நடக்கின்றன.

அப்படியானால் எந்தப் பழைய பாலத்தையும் எக்காலத்திலும் மூடக் கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. என் மருமகன் அடிமை அல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு யந்திரம் நின்றுவிட்டது என்று போன் வந்தால் எழுந்து போக வேண்டும் என்று அவன் தலையில் எழுதியிருக்கவில்லை. பாலம் காக்கிறவனுக்கு, "போதும்" என்று சொல்ல உரிமை உண்டு. ஆனால் மூடுகிறவன் மூன்று காரியங்களைச் செய்துவிட்டு மூட வேண்டும். முன்கூட்டியே, அந்தப் பாலத்தின் வழியாகவே, ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். குழுவில் அறிவிப்புப் போட்டுவிட்டோம் என்பது, குழுவைப் பார்க்க முடியாதவனுக்குச் சொன்னதாகாது. இரண்டாவதாக, அந்தப் பாலம் செய்துவந்த காரியத்தை வேறு எது செய்யும் என்று காட்டி, கடைசி ஆளையும் அங்கே கொண்டு சேர்க்க வேண்டும். நம் தபால் இலாகா 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்தபோது, உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் முறை புது ஏற்பாட்டிலும் தொடரும் என்றது. பெயர் போனாலும் காரியம் நிற்கக் கூடாது என்கிற புத்தி அது. மூன்றாவதாக, நான் ஓட்டாவிட்டால் இன்னொருவன் ஓட்டட்டும் என்று புரோகிராமையும் அதன் ரகசியங்களையும் எழுதி வெளியே வைக்க வேண்டும்.

இந்த மூன்றும் செய்யாமல் மூடுகிறவன், ஓடம் பழசாகிவிட்டது என்று நடு ஆற்றில் இறங்கிப் போகிற ஓடக்காரன்.

மூடக் கூடாது என்று சத்தம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலம் வாய்ப்பேச்சில் நிற்பதில்லை. சிம் கார்டுக்குப் பணம், மின்சாரத்துக்குப் பணம், அதைவிட முக்கியமாக ஒருவனுடைய தூக்கம். இவற்றின் மேல்தான் நிற்கிறது. தந்திக்காகக் கடைசி நாள் வரிசையில் நின்றவர்கள் அதற்கு முன்னால் மாதம் ஒரு தந்தி கொடுத்திருந்தாலும் அந்த நஷ்டம் அடைந்திராது. ஆனால் அழுவதற்கு அவர்களுக்கு ஓர் உரிமை வந்திருக்கும். நெய்க்காரப்பட்டியில் அந்தப் பதினோரு பேரின் பதிலால் நாளைக்கு எவ்வளவு சரக்கு வரும் என்று மண்டிக்கும்தான் தெரிகிறது. பாலம் இரண்டு கரைக்கும் சொந்தம். செலவையும் இரண்டு கரையும் ஏற்க வேண்டும் என்பது என் தீர்ப்பு.

இதை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, என் மருமகனைப் போனில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். புது செயலிக்கு யந்திரத்தைப் பழக்கும் வேலையை ஆரம்பித்துவிட்டானாம். பக்கத்துத் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பெண்ணும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்கிறாளாம். முடியும் என்று இன்னும் நிச்சயமில்லை என்றான். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"கட்டுரை ரொம்ப நல்லா இருக்குங்க மாமா. பத்திரிகைக்கு அனுப்பறதுக்கு முந்தி, யந்திரத்துல இருக்கிற அந்த சிம்முக்கு ஒரு ரீசார்ஜ் பண்ணி விட்டுருங்க. நாளையோட முடியுது."

செய்துவிட்டேன். மண்டிக்கார இளைஞருக்கு நான் அன்றைக்குச் சொல்லத் தவறிய பதில் இதுதான்: ஆமாம் தம்பி, பதினோரு பேருக்கு ஒரு பாலம்தான்.